தெரிந்த ரசத்தை வைத்துத் தெரியாத புத்தகத்தை அளந்த கதை

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் 32 ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, வேலை பார்த்தவன் நான். பால்மரங்கள் நின்ற காலத்தில், வாளி வாளியாக வந்து சேரும் பாலை நிறுத்து, அதில் மெட்ரோலாக் மிதவையை இறக்கி, உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு தேறும் என்று கணக்கெழுதுவது என் பொறுப்பு. மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு குலைகளை எண்ணினேன். சமையலோடு எனக்கிருந்த உறவு, தட்டின் முன் உட்காருவதோடு முடிந்துவிடும். ஈப்போ கல்லுமலை முருகனுக்குத் தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு 48 நாள் விரதம் இருந்த ஆண்டு, அது மாறியது. விரதம் முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆட்டுக்கறி கொதித்தபோது, எனக்கு அதன்மேல் விருப்பம் இல்லாமல் போயிருந்தது. அன்றிலிருந்து சைவம்.

என் மனைவி தாதி. காலை ஷிப்டு, இரவு ஷிப்டு என்று மாறி மாறி வேலை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “உங்க நேர்த்திக்கு நான் ஏங்க ரெண்டு குழம்பு வைக்கணும்? புத்தகம் வாங்கித் தர்றேன், பாத்து நீங்களே செஞ்சுக்குங்க” என்றாள். நியாயமான தீர்ப்பு என்பதால் மேல்முறையீடு செய்யவில்லை.

அவள் வாங்கித் தந்தவை தமிழ்நாட்டு மகளிர் இதழ்களோடு இணைப்பாக வரும் சிறு புத்தகங்கள். முப்பது வகைப் பொரியல், முப்பது வகைக் கூட்டு என்று பளபளப்பான படங்களோடு இருந்தன. அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சமையலே தெரியாதவனுக்குத் துணிச்சல் தந்தவை அவைதாம். ஆனால் முப்பது என்ற எண்ணை நிரப்ப வேண்டிய கட்டாயம் அவற்றில் வெளிப்படையாகத் தெரியும். முதல் பத்து, எழுதியவர் வீட்டில் உண்மையில் செய்பவை. நடுப்பத்தில் ஒரே கூட்டு காய்கறியை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். கடைசிப் பத்தில் அன்னாசிப்பழ ரசத்தில் பன்னீர் மிதக்கும். இந்தக் கணக்கு பிடிபட்ட பின், எந்த இணைப்பைக் கையில் எடுத்தாலும் பின்பக்கத்திலிருந்து புரட்டுகிறேன். கடைசிக் குறிப்புகளும் சமைக்கக்கூடியவையாக இருந்தால்தான் அது வீட்டுக்கு வரும்.

பெரிய புத்தகம் ஒன்று வேண்டும் என்று ஆங்கில நூல்களின் பக்கம் திரும்பியபோதுதான் கொள்ளு விவகாரம் நடந்தது. ஒரு நூலில் கொள்ளு ரசத்துக்கான குறிப்பு நன்றாக இருந்தது. தேவையான பொருள்களை அதில் இருந்தபடியே தாளில் எழுதி மகனிடம் கொடுத்தனுப்பினேன். ஆங்கிலத்தில் கொள்ளுக்கு ‘ஹார்ஸ் கிராம்’ என்று பெயர். தமிழ்க்கடை அன்று அடைத்திருந்ததால் அவன் வேறொரு மளிகைக் கடைக்குப் போய், குதிரைப் பயறு என்று மலாயில் மொழிபெயர்த்துக் கேட்டிருக்கிறான். மலாயில் ‘காச்சாங் கூடா’ என்றால் சொல்லுக்குச் சொல் குதிரைப் பயறுதான். ஆனால் அந்தப் பெயரில் கடையில் கிடைப்பது கொண்டைக்கடலை. ஒரு கிலோ கொண்டைக்கடலை வீட்டுக்கு வந்தது. பையைத் திறந்து பார்த்த பிறகும், இதிலும் ரசம் வைக்கலாம் போலிருக்கிறது என்று நினைத்து வைத்தேன் என்பதே என் அன்றைய அறிவின் அளவு. அதன்பிறகு ஒரு நோட்டு வாங்கி, பருப்பு, மசாலாப் பெயர்களைத் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று வரிசையாக எழுதிக்கொண்டேன். சோம்பு என்றால் ஜிந்தான் மானிஸ். சீரகம் என்றால் ஜிந்தான் பூத்தே. வெந்தயம் என்றால் ஹல்பா. இந்த நாட்டில் சமையல் புத்தகம் வாங்குகிறவர்கள் புத்தகத்துக்கு முன் இப்படி ஒரு பட்டியலை எழுதிக்கொள்வது நல்லது. ஆங்கில நூலாசிரியர்களில் சிலர் துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, பட்டாணிப் பருப்பு மூன்றையுமே ‘மஞ்சள் பருப்பு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். மூன்றும் வேகும் நேரம் வேறு, சுவை வேறு. பொருள் பட்டியலில் பருப்பின் இந்தியப் பெயரையும் சேர்த்துத் தராத ஆங்கிலப் புத்தகத்தை நான் இப்போது திறந்த வேகத்தில் மூடிவிடுகிறேன்.

என் பெரிய தவறு இதைவிட அடிப்படையானது. எந்தப் புத்தகம் கிடைத்தாலும் அதில் நான் அதுவரை சாப்பிட்டேயிராத பதார்த்தத்தைத்தான் முதலில் செய்து பார்த்தேன். குஜராத்தி உந்தியு, ராஜஸ்தானி கட்டா என்று ஆசை ஓடியது. செய்து முடித்தபின், அது நன்றாக வந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல எனக்கு எந்த அளவுகோலும் இல்லை. புத்தகம் பிழையா, என் கை பிழையா, அல்லது அந்தப் பதார்த்தமே அப்படித்தானா? தோட்டத்தில் புதிய தராசு வந்தால், எடை தெரிந்த கல்லை முதலில் வைத்துத்தான் அதைச் சோதிப்போம். இந்தச் சின்ன உண்மை சமையலறைக்குள் நுழைந்ததும் எனக்கு மறந்துபோயிருந்தது.

எனக்கு எடை தெரிந்த கல், ரசம். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் என் அம்மா விறகடுப்பில், அடி கறுத்த அலுமினியச் சட்டியில் வைத்த ரசம் எப்படி இருக்கும் என்று என் நாக்குக்குத் தெரியும். ஆகவே கையிலிருந்த நான்கு புத்தகங்களிலும் ரசக் குறிப்பை மட்டும் எடுத்து, நான்கு நாள் நான்கு ரசம் வைத்தேன். குறிப்பில் இருப்பதை அப்படியே செய்வது, என் சொந்தப் புத்தியை நுழைப்பதில்லை என்று முடிவு.

முதல் புத்தகம், ரசப்பொடி, கொத்தமல்லி எல்லாம் போட்டபின் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விடச் சொன்னது. விட்டேன். வீடெல்லாம் மணத்தது, சட்டியில் மணம் மிஞ்சவில்லை. கசப்பேறிய கஷாயம்தான் கிடைத்தது. இரண்டாவதில் புளி ‘தேவையான அளவு’, உப்பு ‘தேவையான அளவு’, பெருங்காயம் ‘தேவையான அளவு’. எவ்வளவு தேவை என்று தெரிந்திருந்தால் நான் ஏன் புத்தகம் வாங்குகிறேன்? மூன்றாவது, அளவை எல்லாம் கிராம் கணக்கில் துல்லியமாகத் தந்திருந்தது, கிராணிக்கு மகிழ்ச்சி. ஆனால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. நான்காவதுதான், புளித்தண்ணீரைப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்க விட்டு, பருப்புத் தண்ணீரை ஊற்றியபின் கொதிக்க விடாமல், ஓரத்திலிருந்து நுரை கட்டி நடுவுக்கு ஏறி வரும்போது அடுப்பை அணைத்துத் தாளிக்கச் சொன்னது. சட்டியின் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதலில் விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம். பிறகு அந்த வளையம் மெல்ல உள்நோக்கி நகர்ந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தெளிவான ரசம் தெரிந்து, அதுவும் மூடப்போகும் நேரத்தில் அணைத்தேன். அம்மாவின் ரசம் என்று சொல்லமாட்டேன். அதன் தங்கை என்று சொல்லலாம்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் அடுப்பின் முன் நின்று எழுதியிருக்கிறார் என்பது ஒரே ரசத்தில் விளங்கிவிட்டது. அளவை யாரும் நகலெடுத்து எழுதிவிடலாம். பதத்தைப் பார்த்தவர்தான் எழுத முடியும். பருப்பு பூவாக வெந்ததும், எண்ணெய் பிரிந்து வரும்போது, பாகு ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் என்று அடையாளம் சொல்கிற இடங்கள் ஒரு புத்தகத்தில் எத்தனை இருக்கின்றன என்று இப்போது கடையில் நின்றபடியே எண்ணிப் பார்க்கிறேன். நிமிடக் கணக்கு மட்டும் இருந்தால், அது அவர்கள் வீட்டு அடுப்பின் கணக்கு.

என் நான்காவது புத்தகம் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951-இல் முதலில் வெளிவந்த நூல். கல்யாணமாகிப் போகும் பெண்களுக்குப் பாத்திரம் பண்டங்களோடு கொடுத்தனுப்பப்பட்டு, பல குடும்பங்களில் மூன்று தலைமுறை கண்டது. முழுக்க முழுக்கச் சைவம். என் கைக்கு வந்தது, சுங்கை சிப்புட்டில் குடியிருந்து மகளோடு கோலாலம்பூருக்குப் போய்விட்ட ஒரு மூதாட்டி விட்டுச்சென்ற பழைய பிரதி. முதுகு பிரிந்து, மோர்க்குழம்புப் பக்கத்தில் மஞ்சள் கறையோடு இருந்தது. பழைய சமையல் புத்தகம் வாங்கும்போது கறையைப் பாருங்கள். எந்தப் பக்கம் கறைபட்டிருக்கிறதோ அந்தக் குறிப்பு தேர்வில் தேறியது என்று பொருள்.

ஆனால் அதிலுள்ள அளவைகள் என்னை ஒரு மாதம் அலைக்கழித்தன. இந்தியா எடை, அளவைச் சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு நகரத் தொடங்கியது 1956-இல். இந்த நூல் அதற்கு முந்தியது. ஆகவே ஆழாக்கு, பலம், தோலா. தோலாவில் சிக்கலில்லை, சுமார் 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம், அதாவது ஏறத்தாழ 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. ஆழாக்குதான் தொல்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது சரி; ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறும். நான் கண்டுகொண்ட வழி இது: ஒரு குறிப்பில் எல்லாப் பொருளும் ஆழாக்கிலேயே இருந்தால் கவலை வேண்டாம், வீட்டில் உள்ள ஒரே டம்ளரை ஆழாக்காக வைத்துக்கொண்டால் விகிதம் கெடாது. பருப்பு ஆழாக்கிலும் மிளகாய் தோலாவிலும் இருந்தால்தான் எச்சரிக்கை தேவை. அப்படிப்பட்ட குறிப்பை முதல்முறை பாதியளவு காரத்தோடு செய்து, மீதியை அடுத்தமுறை கூட்ட வேண்டும்.

இதே கதை நம் ஊரிலும் உண்டு. தோட்டத்துப் பெண்களுக்குப் பால் டின்தான் படி. ‘மூணு டின் அரிசிக்கு ஒரு டின் உளுந்து’ என்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்ன தேங்காய்ச் சோற்றுக் கணக்கை அப்படியே செய்தும், சோறு குழைந்து போனது. அவர் வீட்டு டின்னை வாங்கிவந்து தண்ணீர் ஊற்றி அளந்தேன்: 300 மில்லிக்குச் சற்றே கூடுதல். என் வீட்டு டின் 390 மில்லிக்குப் பக்கம். அவருடையது 397 கிராம் இனிப்புப் பால் வந்த பழைய டின். என்னுடையது இப்போது கடையில் கிடைக்கும் 500 கிராம் டின். அவர் தன் டின்னில் அளந்து கொடுத்த அரிசிக்கு, என் டின்னில் தேங்காய்ப் பாலை அளந்து ஊற்றியிருக்கிறேன்! அன்றே ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். எந்தக் குறிப்பையும் முதல்முறை வெற்றிகரமாகச் செய்தவுடன், டின்னும் டம்ளரும் போட்ட அளவைக் கிராமாக மாற்றி ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுகிறேன்.

ஆங்கில நூல்களில் முதலில் பார்க்க வேண்டியது அச்சான நாடு. கரண்டி எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்க, பிரிட்டிஷ் நூல்களில் மேசைக்கரண்டி 15 மில்லி; ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. மிளகாய்த்தூள் மூன்று மேசைக்கரண்டி என்றால் வித்தியாசம் ஒரு முழுக் கரண்டி வந்துவிடும். கப் என்பதும் சில நாட்டில் 240, சில நாட்டில் 250. நல்ல பதிப்பாளர்கள் இதை முன்பக்கங்களில் சொல்லிவிடுவார்கள். சொல்லாதவர்கள் விஷயத்தில் பதிப்பு விவரம் உள்ள பக்கம்தான் துணை.

அவற்றுள் நான் வைத்திருப்பவை இரண்டே. வடக்கத்திச் சமையலுக்குத் தர்லா தலால். மும்பையைச் சேர்ந்த அந்த அம்மையார் 1974-இல் முதல் நூலை வெளியிட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட சைவச் சமையல் நூல்களை எழுதினார். எண்ணிக்கை அவ்வளவு இருக்கும்போது எதை வாங்குவது என்ற திகைப்பு வரும். ஒரே வட்டாரத்தையோ ஒரே வகை உணவையோ பற்றியதை வாங்குங்கள் என்பதே என் யோசனை. மற்றொன்று, யமுனா தேவி என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதி 1987-இல் வந்த ‘லார்ட் கிருஷ்ணாஸ் குசின்’. செங்கல் கனம், 500-க்கும் மேற்பட்ட குறிப்புகள், வைணவ முறைப்படி வெங்காயம், பூண்டு கிடையாது. புரட்டாசி மாதம் முழுவதும் என் அடுப்பை நடத்துவது அந்தப் புத்தகம்தான். வெங்காயத்தின் இடத்தைப் பெருங்காயம் எப்படிப் பிடிக்கிறது என்பதை அங்கேதான் கற்றேன். ஆனால் பெருங்காயம் வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள்: கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ அரிசி மாவோ பிசினோ கலந்திருக்கும், ஆகவே ஒருவருடைய சிட்டிகை இன்னொருவருடைய சிட்டிகைக்குச் சமமாகாது.

எந்தப் புத்தகமும் நம் ஊர் வெயிலை அறியாது. குளிர்நாட்டில் எழுதப்பட்ட நூல் ஒன்று, இட்லி மாவை விளக்கு எரியும் ஓவனுக்குள் வைத்து இரவெல்லாம் புளிக்கவிடச் சொல்கிறது. சுங்கை சிப்புட்டில் அப்படிச் செய்தால் விடிவதற்குள் மாவு பாத்திரத்தைவிட்டுக் கிளம்பி நடக்கத் தொடங்கிவிடும்; இங்கே ஏழு மணி நேரம் போதும். கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே குடியிருக்கும் என் தங்கைக்கோ, அதே மாவு மறுநாள் மதியம் வரை சோம்பிக் கிடக்கும். அவள் வீட்டில் பருப்பு வேகவில்லை என்று முதலில் பருப்பைத்தான் திட்டினாள். அந்த உயரத்தில், அதாவது 1,400 மீட்டருக்கு மேல், தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் புத்தகம் சொல்லும் நேரம் அங்கே போதாது. பிரஷர் குக்கர் வாங்கிய பின் திட்டு நின்றது. புளிக்கும் நேரத்தையும் வேகும் நேரத்தையும் எந்த நூலிலிருந்தும் இரவல் வாங்காதீர்கள்.

பிளெண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. ‘தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைக்கவும்’ என்று தமிழ்நாட்டு நூல்கள் சொல்வது மிக்சியையும் அம்மியையும் மனத்தில் வைத்து. நம் வீடுகளில் இருக்கும் உயரமான பிளெண்டரில் தண்ணீர் இல்லாமல் தேங்காய் சுற்றாது. தண்ணீர் விட்டால் துவையல் சட்னியாகிவிடும். உலர் அரைப்புக்கான சிறிய ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இடையிடையே வழித்துவிட்டு அரைத்தால் சரியாக வருகிறது.

உள்ளூர்ப் புத்தகங்களில் வேறொரு கவனம் தேவை. மலேசியக் காய்கறிச் சமையல் என்ற தலைப்பைப் பார்த்து ஆசையாக வாங்கிய ஒரு நூலில், கங்கோங் கீரைப் பிரட்டலில் பெலாச்சான் என்ற இறால் விழுது, கீரைக் குழம்பில் நெத்திலி. காய்கறிச் சமையல் என்பது வேறு, சைவம் என்பது வேறு. தலைப்பை நம்பாமல், சம்பால் என்ற மிளகாய் விழுதுக்கான பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, கடையில் ‘மீன் கறித்தூள்’, ‘இறைச்சிக் கறித்தூள்’ என்ற பாக்கெட்டுகளைப் பார்த்து நான் ஓராண்டு ஒதுங்கிப் போனேன். பின்பக்கத்தைப் படித்தபோதுதான் அவை மீனுக்கும் இறைச்சிக்கும் ஏற்றபடி அரைத்த மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம்தான் என்பது தெரிந்தது. வெந்தயம் தூக்கலாக இருக்கும் மீன் கறித்தூளில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு மிக நன்றாக வருகிறது. என் மனைவி அதில் மீன் போட்டுக்கொள்கிறாள். ஒரே குழம்பை இரண்டு சட்டியில் பிரித்துக்கொள்வதால் வீட்டில் இப்போது சமாதானம்.

புத்தகம் கிடைக்கும் இடங்களைப் பொறுத்தவரை, எங்கள் டவுனில் பஞ்சாங்கம் கிடைக்கும் கடையில் இரண்டொன்று தொங்கும், அவ்வளவுதான். ஈப்போ லிட்டில் இந்தியாவில் கொஞ்சம் பரவாயில்லை. ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் நடக்கும் தூரம். அங்கே நின்று நிதானமாகப் புரட்ட முடியும். பழைய தமிழ் நூல்களைத் தேடுபவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பார்க்கலாம். காணொளிகளை நான் கைவேலைக்கு மட்டும் பார்க்கிறேன்: போளி தட்டுவது, முறுக்கு சுற்றுவது. விரல் எப்படி மடங்குகிறது என்பதை எந்த எழுத்தும் காட்டாது. அளவுக்கு அவற்றை நம்பிப் பட்டிருக்கிறேன்.

நான் தேடியும் கிடைக்காதது ஒன்று உண்டு. தோட்டத்துச் சைவம். மரவள்ளிக்கிழங்குப் புட்டு, பூசணித் தளிர்க் கடைசல், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்குக் கொடுத்த பயற்றங்கஞ்சி என்று என் அம்மாவின் தலைமுறை விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும் முன் அரைமணியில் செய்துவைத்தவற்றை எழுதிவைத்த புத்தகம் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே நோட்டின் பின்பக்கத்திலிருந்து நானே எழுதத் தொடங்கியிருக்கிறேன். சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி மரவள்ளிப் புட்டுக்குக் கணக்குச் சொன்னார்: துருவிப் பிழிந்த கிழங்கு மூன்று டின், தேங்காய் ஒரு டின், உப்பு. “எந்த டின் பாட்டி, சின்னதா பெருசா?” என்று கேட்டேன். அந்த டின் தோட்டத்தை விட்டு வந்தபோதே துருப்பிடித்துப் போய்விட்டதாம். நாளை கிழங்கு வாங்கி வந்து, முதலில் 300 மில்லிக் கணக்கில் ஒன்று, பிறகு 390 கணக்கில் ஒன்று என்று இரண்டு ஈடு அவித்து, தேங்காயைக் குழாயில் எவ்வளவு விடுகிறார் என்பதை அவர் கையிலேயே நிறுத்துப் பார்ப்பதாக இருக்கிறேன்.